கல்லோடையில் ஒரு பன்றிமுடி பிரஷ்ஷைப் பழக்கிய கதை

காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் நடந்த ஒரு சித்திரை மாத மத்தியானத்தில், வெயில் ஒரு பக்கமும் தூறல் ஒரு பக்கமுமாகத் தென்காசி பஸ் ஸ்டாண்ட் நனைந்தும் காய்ந்தும் கிடந்தபோது, கல்லோடை கொம்பையா தன் சலூனுக்கு ஒரு சவர பிரஷ் வாங்கப் போனான். பிரஷ் வாங்குவது இன்றைக்கு யாருக்கும் பெரிய விஷயமில்லை. நைலான் பிரஷ் பச்சையிலும் சிவப்பிலும் கொட்டிக் கிடக்கிறது, அதுவும் வேண்டாமென்றால் டப்பாவை அமுக்கினால் நுரை தானாக வந்து விழுகிறது. ஆனால் கொம்பையா பிடித்த பிடியை விடாத ஆள். நைலான் தண்ணீரைக் குடிக்காது, தண்ணீர் குடிக்காத பிரஷ்ஷில் வருகிற நுரை பார்வைக்குத்தான் நுரை, தாடியின் அடிவரைக்கும் இறங்காது என்பது அவன் கட்சி.

சலூன் சாமான் விற்கிற கடையில், கண்ணாடிக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பன்றிமுடி பிரஷ்கள் இருந்தன. கொம்பையா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவனைப் போல ஒவ்வொன்றாக எடுத்தான். முடியை உள்ளங்கையில் அழுத்திவிட்டு, விட்டதும் எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று கவனித்தான். நுனியை வெளிச்சத்தில் பிடித்தான், ஏனென்றால் கத்தரியால் வெட்டிச் சமமாக்கிய நுனி என்றைக்கும் குத்தும், தானாகக் கூர்ந்த நுனி நாளாக நாளாக இரண்டாகப் பிளந்து மெத்தென்று ஆகிவிடும். அடிமுடியைப் பிடித்து இழுத்து, கட்டு இறுக்கமா என்று பார்த்தான். கடைசியில், எல்லோரும் ஒதுக்கிப் பெட்டியின் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்தான். வாசல் கூட்டும் ஈர்க்கு வாரியல் போல விறைப்பு. மூக்கருகே கொண்டுபோனால், மழை பெய்த மறுநாள் காட்டுப் பன்றி கிளறிப்போட்ட கிழங்குத் தோட்டத்தின் வாடை அடித்தது.

“அது மொரடுல்லா,” என்றார் கடைக்காரர். “வாரவன் போறவன் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு வச்சுட்டுப் போயிட்டான்.”

“மொரடுதான் வேணும் அண்ணாச்சி. திராணி உள்ளதப் பழக்கிரலாம். இல்லாதத வச்சு என்ன செய்ய?”

“அப்பம் பொறுமையாப் பழக்கும். ஊறவையும், நொரைச்சு வையும், காயவையும், மறுபடி ஊறவையும். சுடுதண்ணில போட்டீர்னா முடி வெந்துபோகும். வாடை போற வரைக்கும் உம்ம மூஞ்சில மட்டும் போடும், ஊரான் மூஞ்சில போடாதயும்.”

கொம்பையா சொன்னதைச் சொன்னபடி செய்தான். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டான், காலையில் உதறினான், சவரக்கட்டியில் தேய்த்து உள்ளங்கையில் நுரைத்தான், நுரையோடு அப்படியே விட்டான், அலசி நிழலில் காயவைத்தான், காய்ந்ததைத் திரும்பவும் ஊறப்போட்டான். முதலில் வந்த நுரையையெல்லாம் பிரஷ்ஷே விழுங்கியது. பசித்தவன் கஞ்சி குடிப்பது போல ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. சலூனை ஒட்டித் தையல் மெஷின் போட்டிருந்த அவன் மனைவி கோமு, ரவிக்கைத் துணியெல்லாம் பன்றி நாற்றம் நாறுகிறது என்று சத்தம் போட்டாள். பிறகு ஒருநாள் பிரஷ் கொஞ்சம் மனமிறங்கி நுரையைக் கொடுத்தது. அதைத் தன் முகத்தில் போட்டு, முள்ளால் கீறியது போல எரிந்ததைப் பொறுத்துக்கொண்டு வழித்துமுடித்த கொம்பையா, கிண்ணத்துத் தண்ணீரைத் தெருவில் ஊற்றக் குனிந்தான். குனிந்தவனுக்குத் தெருவுக்குக் கீழே இருந்ததெல்லாம் வாசனையாகத் தெரிந்தது.

தார் தெரிந்தது, தாருக்குக் கீழே ஜல்லி தெரிந்தது, ஜல்லிக்குக் கீழே மாட்டுவண்டி ஓடிய காலத்துச் சாணியும் புழுதியும் தெரிந்தன, அதற்கும் கீழே கோரைக்கிழங்கு, டீக்கடைக்கு நேர் அடியில் எந்தக் காலத்திலோ யாரோ சோறு பொங்கிய அடுப்பின் சாம்பல், புளியமர வேரைச் சுற்றிப் படுத்திருந்த சாரைப்பாம்பின் குளிர்ந்த உடம்பு, ஒரு செம்புக் காசு, ஒரு குழந்தையின் பால்பல், எல்லாவற்றுக்கும் கீழே, எந்தக் கயிறும் எட்டாத ஆழத்தில், மேற்கே மலையிலிருந்து கிழக்கே வயலுக்கு அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்த தண்ணீர். கொம்பையா காலி கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றான். பிறகு, பிரஷ் புதுசல்லவா, புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்று உள்ளே போய்க் கடையைக் கூட்டினான்.

“கோமு, ஒன் மெசினுக்கு அடியில ஒரு தங்க மூக்குத்தி பொதஞ்சு கெடக்கு,” என்றான்.

கோமு கரண்டியால் தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தாள். “இது யாருது?”

“தெரியல. அந்தக் காலத்து ஆளு. வெத்தலை போடுற பொம்பள.”

“நல்லதாப் போச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் அதை மாடத்தில் வைத்தாள். “அந்த வாடைக்கு இதாவது கெடச்சுதே.”

அன்றைக்குச் சாயங்காலம் கொம்பையா ஓடைக்கரைப் பாதையில் வீட்டுக்கு நடந்தான். பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து ஊருக்குள் வர அதுதான் குறுக்குவழி. போன ஐப்பசியில் பெய்த பேய்மழையில் கரையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து பாதையை மூடிவிட, சரிந்த செம்மண்ணின் மேலேயே ஆட்கள் நடந்து நடந்து புதிதாக ஒரு பாதை விழுந்திருந்தது. அந்த மண்மேட்டின் நடுவில் கொம்பையாவின் கால் நின்றுவிட்டது. காலுக்குக் கீழே பட்டமுத்து இருந்தான்.

பட்டமுத்து செங்கல் சூளையில் வேலைபார்த்தவன். அவன் மனைவி செந்தூர்க்கனி பீடி சுற்றுகிறவள். கரை சரிந்த அதே சாயங்காலம்தான் இருவருக்கும் தெருவே கேட்கும்படி சண்டை வந்து, அவன் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். போனவன் வரவில்லை. அவனைப் போல ஓர் ஆள் புனலூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒரு கண்டக்டர் சொன்னார். அந்த ஒரு சொல் போதாதா? கேரளாவில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்றது ஊர், அவளுக்கு மலையாளத்தில் ஒரு பேரும் வைத்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்ற பெயரோடு செந்தூர்க்கனி நெற்றியில் பொட்டு வைத்து, தினமும் பீடிக்கட்டைத் தலையில் சுமந்து, அந்த மண்மேட்டின் மேலேறிக் கம்பெனிக் கடைக்குப் போய்வந்தாள்.

கொம்பையாவுக்குச் சந்தேகமே இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பட்டமுத்துவின் பிடரியில் கத்தி வைத்தவன் அவன். சூளைப் புகையும் வியர்வையுமான அந்தப் பிடரியின் வாசனை செம்மண்ணுக்குள்ளிருந்து வந்தது. போய்ச் சொல்லத்தான் நினைத்தான். செந்தூர்க்கனியின் வாசல்வரை போனான். அவள் முற்றத்தில் உட்கார்ந்து தட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், குங்குமம் நெற்றியில் பளிச்சென்று இருந்தது. அந்தக் குங்குமத்தை அழிக்கிற வாய் தன் வாயாக இருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. “சும்மா இந்தப் பக்கமா வந்தேன் தாயி,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். மறுநாளிலிருந்து அவன் ஓடைக்கரையை விட்டுவிட்டுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஊரில் ஒரு விஷயத்தை மறைக்கலாம், இரண்டை மறைக்க முடியாது. பட்டமுத்துவை மறைத்த கொம்பையா பிரஷ்ஷை மறைக்க முடியாமல் போனான். மூக்குத்திக் கதை கோமுவின் வழியாக ஊரைச் சுற்றி வந்ததும், தோட்டத்தில் மூன்று போர்வெல் போட்டும் புழுதியே பறந்த தளவாய் முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, இது இன்னும் பழகல. தோலு உரிஞ்சிரும்.”

“தோலு முளைச்சுக்கும். நீ போடு.”

வழித்துமுடித்துச் சிவந்த முகத்தோடு தளவாய் தோட்டத்துக்குப் போய், வேலியோரத்தில் ஒரு கத்தாழைப் புதர் பக்கத்தில் நின்று, இங்கே போடு என்றான். தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அதன் பிறகு கொம்பையாவின் கடையில் உட்கார இடமில்லை. ஞாயிற்றுக்கு ஞாயிறு வழித்தவர்கள் தினமும் வழித்தார்கள். தாடி முளைக்காதவனும் கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்து நின்றான். பெண்கள், தொலைந்த கொலுசையும் தாத்தா புதைத்த செப்புக்குடத்தையும் சொல்லிப் புருஷன்மாரைக் காலையிலேயே சலூனுக்கு விரட்டினார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஏசுவடியான், தன் பிழைப்பில் மண் விழுந்ததே என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானும் வந்து வழித்துக்கொண்டு, தேங்காயைப் பேருக்குக் கையில் வைத்தபடி தொழிலைத் தொடர்ந்தான். காதர் மீரான் பாய் மட்டும், “நமக்குப் பன்னி ஆகாதுப்பா,” என்று தாடியை நீவிக்கொண்டார், “ஆனா வழிச்ச ஆளு ஒருத்தர நம்ம தோட்டத்துப் பக்கம் அனுப்பிவை, இளநி வெட்டித் தாரேன்.” இதெல்லாம் நடந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மழை வந்தால் நனைவதில்லையா, அதுபோல ஊர் நனைந்துகொண்டது.

ஆச்சரியம் வேறொன்றில் இருந்தது, அதை வெளியே சொல்லத்தான் ஆட்களுக்கு வாய் வரவில்லை. வழித்த முகத்தோடு தெருவில் நடந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள். காலுக்குக் கீழே இத்தனை பேர் சமைத்து, அழுது, குழந்தை பெற்று, பல்லைப் புதைத்து, காசைப் பதுக்கிப் போயிருக்கிறார்கள் என்பது மூக்கில் ஏறிய பிறகு யாரால் தரையை ஓங்கி மிதிக்க முடியும்? வெற்றிலையைக் குதப்பிப் புளிச்சென்று துப்புகிறவர்கள் துப்ப இடம் தேடித் தவித்தார்கள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பி இருவர் ஒன்றாக வழித்துக்கொண்டு வரப்புக்குப் போய், அடியில் கிடந்த பாட்டன் பூட்டன் கலப்பைக் கொழு துருவேறி ஒரே கொழுவாக மணந்ததைக் கண்டு, பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. கோவிலுக்குள் இருக்கிற அடக்கம் பஜாரிலும் இருந்தது.

கொம்பையா பாலம் சுற்றி வீட்டுக்குப் போகும்போது, பாலத்தில் கூட்டம் கூடிக்கொண்டே வருவதைக் கவனித்தான். பாலத்தடியில் புதிதாக வந்த பஜ்ஜிக் கடை காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பழகப் பழக பிரஷ் மாறியது. நுனி பிளந்து மெத்தென்று ஆனது, ஒரு சுற்றுச் சுற்றினால் கிண்ணம் வழிய நுரை வந்தது, கன்னத்தில் பட்டால் கண் சொக்கியது. வாடை குறைந்தது. வாடை குறையக் குறைய மண்ணின் வாசனையும் குறைந்தது. முன்பு சாயங்காலம் வரை நின்ற மோப்பம் மத்தியானத்தில் போனது, பிறகு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போனது, ஆழமும் குறைந்து வேர்மட்டத்தோடு நின்றது. ஊர் பதறியது. அதே கடையில் அதே பெட்டியில் மிச்சமிருந்த பிரஷ்களையெல்லாம் வாங்கிவந்து பார்த்தார்கள். அவையும் நாறத்தான் செய்தன, நாறியதோடு சரி. எல்லாப் பன்றியும் ஒரே பன்றி ஆகிவிடுமா? பிரஷ்ஷைப் பத்திரமாகப் பூட்டிவைத்து ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று பஞ்சாயத்தில் பேசினார்கள், கூப்பிடும்போதெல்லாம் கொம்பையாவும் தலையாட்டினான். ஆனால் பழக்கத் தொடங்கிய பன்றிமுடியைப் பாதியில் விட்டால் பூச்சி அரித்துவிடும், அதனால் தினமும் ஒருவர் முகத்துக்காவது அது தேவைப்பட்டது.

ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கடை அடைத்திருந்த நேரத்தில், செந்தூர்க்கனி தையல் மெஷின் பக்கம் வந்து நின்றாள். கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, எனக்கு அந்த நொரயப் போட்டுவிடுங்க.”

கொம்பையாவின் கை நின்றது. “ஒனக்கு எதுக்கு தாயி?”

“அவரு மண்ணுக்குள்ள கெடக்காரான்னு பாக்கணும். கேரளாவுல இருக்காருன்னு சொல்லுதாவ. இருந்தா இருந்துட்டுப் போட்டும். ஆனா என்ன விட்டுட்டுப் போனாரா, போகாம எங்கயாச்சும் விழுந்து கெடக்காரா, இத ஒண்ணு தெரியாம எனக்குச் சோறு எறங்கல. நாலு பேர்ட்ட கேட்டேன், அப்டி ஒண்ணும் மணக்கலன்னாவ. ஆம்பளயளுக்கு எங்க வீட்டுக்காரரு வாசனை என்ன தெரியும்? நானே போயி மோந்து பாக்கேன்.”

“பிரஷ்ஷு பழகிப்போச்சு. இப்பம் அதுல ஒண்ணுமில்ல.”

“இருக்கது போதும்.”

“பொம்பள மூஞ்சில எப்டிப் போட?” என்று கொம்பையா சாணைக்கல்லைப் பார்த்துச் சொன்னான். தான் சொல்லாமல் விட்ட ஒன்றை அவள் தானே போய்த் தொடப்போகிறாள் என்று நினைத்தபடி கத்தரியை மறுபடி கல்லில் தேய்த்தான்.

கோமு மெஷினை நிறுத்தினாள். “நீரு போடாண்டாம். நான் போடுதேன். வா கனி, உக்காரு.”

கோமுவுக்குப் புருஷன் நுரைப்பதைப் பார்த்துப் பார்த்தே கை வந்திருந்தது. பிரஷ்ஷை நனைத்து, உதறி, கட்டியில் சுற்றி, செந்தூர்க்கனியின் கன்னத்திலும் மோவாயிலும் மூக்குக்குக் கீழும் வெள்ளையாகப் போட்டாள். வழிக்க ஒன்றுமில்லாத முகம், அதனால் நுரையோடு அப்படியே எழுந்து அவள் தெருவில் இறங்கினாள்.

இறங்கியவள் ஓரடி வைத்துவிட்டு நின்றாள். “இம்புட்டா?” என்றாள், யாரையும் பார்க்காமல்.

பஜாரில் நுரை முகத்தோடு ஒரு பெண் நடந்தால் கல்லோடை சும்மா இருக்குமா? இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு இறங்கினார், தளவாய் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான், ஏசுவடியான் தேங்காயோடு வந்தான், பெண்கள் பீடித்தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள், எல்லோரும் அவளுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நடந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் அவள் நுரைக்குள் சிரித்தாள், அடியில் உடைந்த சிலேட்டுக்குச்சிகள் மழைச்சாரல் போல மணந்தன என்று பிற்பாடு சொன்னாள். இடுகாட்டுப் பக்கம் வந்ததும் சேலைத்தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அங்கே மண்ணுக்கடியில் இருந்தவர்கள் எல்லோரும் வடித்து இறக்கிய சோறு போல அடங்கி இருந்தார்கள், எவருக்கும் எங்கேயும் போகிற அவசரமில்லை. அவர்களில் பட்டமுத்து இல்லை. அவள் ஓடைக்கரைக்குத் திரும்பினாள்.

மண்மேட்டில் ஏறிப் பாதிதூரம் போனவளுக்குப் பின்னால் காலடிச் சத்தம் குறைந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கூட வந்த பெண்கள் அவளை ஒட்டியே வந்திருந்தார்கள். ஆண்கள் வரவில்லை. குறுக்கே கயிறு கட்டியது போல ஒரே வரிசையில், எவனும் எவனையும் பார்க்காமல், எல்லா ஆண்களும் ஓரிடத்தில் நின்றிருந்தார்கள். அவள் இன்னும் எதையும் மோந்திருக்கவில்லை. அதற்குள் அவர்கள் நின்றுவிட்டிருந்தார்கள்.

கொம்பையா தனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தான். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து அவன் சுமந்துகொண்டிருந்தது எல்லோர் முகத்திலும் இருந்தது. வழித்தவன் ஒவ்வொருவனும் இங்கே வந்திருக்கிறான், இங்கே நின்றிருக்கிறான், அவள் நெற்றியை நினைத்திருக்கிறான், பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒவ்வொருவனும் தன் மனைவியிடம், ஓடைக்கரைப் பக்கம் போகாதே, வழுக்கும் என்று கோடையிலும் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லாதவள் ஒருத்திதான், அவள்தான் தினமும் இந்த மண்ணில் ஏறி இறங்கினாள்.

செந்தூர்க்கனி திரும்பி, இன்னும் நாலடி வைத்து, முழங்காலில் உட்கார்ந்தாள். கைகளை ஊன்றிக் குனிந்தாள். நுரை மண்ணில் பட்டுச் சிவந்தது. முகத்தை மண்ணோடு வைத்து அவள் வெகுநேரம் இருந்தாள். அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தவர்களுக்குக் கோவில் நடை சாத்தியிருக்கும்போது வெளியே நிற்பது போல இருந்ததாம்.

“இங்கதான் இருக்காரு,” என்றாள் பிறகு. குரல் உடையவில்லை. “தேங்காண்ணெய் வாசன ஊர்ப்பக்கம் வருது, செருப்பு ரோட்டுப்பக்கம் மணக்கு. தல வீட்டப் பாத்துக் கெடக்கு. இவரு போகல. போயிட்டுத் திரும்பி வந்திருக்காரு.”

மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை குனிந்தவளின் முதுகு குலுங்கியது.

“ரப்பரு மணக்கு. புது ரப்பரு.” மண்ணைக் கையால் தடவினாள், தூங்குகிறவன் நெஞ்சைத் தடவுவது போல. “அன்னைக்கு என்ன சண்டன்னு ஒருத்தரும் கேக்கலல்லா? குக்கரு ரப்பரு பிஞ்சு போச்சு, மாத்திட்டு வாங்க, மாத்திட்டு வாங்கன்னு சொல்லி வாயி வலிச்சு, தட்டத் தூக்கி எறிஞ்சேன். செருப்ப மாட்டிட்டு எறங்கினாரு. புனலூருக்குப் போனாரு, எவளோடயோ இருக்காருன்னிய. கடைக்குப் போயிருக்காரு.”

பெண்களில் யாரோ விம்மினார்கள். ஆண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கடைசியில் தளவாய்தான் வாயைத் திறந்தான். “ஒன் பொட்டுக்காகத்தாம்மா சொல்லல. அத அழிக்க ஒருத்தனுக்கும் மனசு வரல.”

செந்தூர்க்கனி எழுந்து நின்றாள். செம்மண் நுரை கழுத்தில் வழிந்தது. “என் பொட்டக் காப்பாத்துனிய, சரி. ஓடிப்போனவன்னு இவரச் சொன்னாவளே, புருசன் விட்டுட்டுப் போன முண்டன்னு என்னச் சொன்னாவளே, நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான நின்னிய. அத யாரு காப்பாத்துனா?”

மண்வெட்டி கொண்டுவர யாரும் போகவில்லை. ஆண்கள் வரிசை உடைந்து, ஒவ்வொருவராக வந்து, உட்கார்ந்து, கையாலேயே மண்ணை எடுக்கத் தொடங்கினார்கள். ஏசுவடியான் தேங்காயைக் கரையில் வைத்துவிட்டு எடுத்தான். வழிக்காத காதர் மீரான் பாயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்தார். மண்ணை வீசவில்லை, பக்கத்தில் வைத்தார்கள். வெயில் சாயும்போது பட்டமுத்து வெளியே வந்தான். சொன்னபடியே தலை ஊர்ப்பக்கம் இருந்தது. மழையில் நழுவி விழாமல் இருக்க முழங்கை வரை ஏற்றி மாட்டியிருப்பான் போல, இடதுகை எலும்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் புதுசாகவே இருந்தது.

போலீஸ் வந்தது, எழுதவேண்டியதை எழுதியது, கொண்டுபோய்க் கொண்டுவந்து கொடுத்தது. செந்தூர்க்கனியே கொள்ளி வைத்தாள், தடுக்க யாரும் வாய் திறக்கவில்லை. காரியத்தன்றுதான் பேச்சு வந்தது. பங்காளிகள் மீசை எடுக்க வேண்டும், பட்டமுத்துவுக்குப் பங்காளி என்று ஒருவரும் இல்லை. ஓடைக்கரையில் பூவரச மரத்தடியில் கொம்பையா நாற்காலியைப் போட்டுவிட்டுக் கத்தியை வைத்துக்கொண்டு நின்றான், யாருக்கு வழிப்பது என்று தெரியாமல். அப்போது தளவாய் வந்து உட்கார்ந்தான். வருஷக்கணக்காக எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை அது. எடுக்கச் சொன்னான். அவன் எழுந்ததும் டீக்கடைக்காரர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஏசுவடியான், வரப்புச் சண்டைக்கார அண்ணன், அவன் தம்பி, இன்னும் அந்தப் பிரஷ்ஷால் முகம் வழித்த அத்தனை பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் கல்லோடையில் அத்தனை ஆண்களும் பட்டமுத்துவுக்குப் பங்காளி ஆகியிருந்தார்கள். பிரஷ் அன்றைக்கு வெண்ணெய் போல வேலை செய்தது. யாருக்கும் கீழே எதுவும் மணக்கவில்லை, சோப்பு வாசனைதான் வந்தது.

கடைசியில் கொம்பையா மட்டும் மிஞ்சினான். காரியத்தன்று தனக்குத் தானே வழித்துக்கொள்வது வழக்கமில்லை, ஊருக்கெல்லாம் வழிக்கிறவனுக்கு யார் வழிப்பது? பக்கத்து ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்று தளவாய் போனை எடுத்தான்.

“வேண்டாம்,” என்றாள் செந்தூர்க்கனி. வெறும் நெற்றியோடு வந்து கோமுவின் பக்கத்தில் நின்றாள். “நான் செய்யுதேன். உக்காருங்கண்ணே.”

கொம்பையா உட்கார்ந்தான். அவள் பிரஷ்ஷை நனைத்து, உதறி, கோமு காட்டியபடி சுற்றி, அவன் கன்னத்தில் நுரையைப் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“எனக்கு மொத நாளே தெரியும் தாயி.”

“தெரியும்ணே.”

“எப்டி?”

“அன்னைக்கு எனக்கு நொர போடச் சொன்னப்ப, என் மூஞ்சப் பாக்காம கல்லப் பாத்துப் பேசுனீய.”

கோமு புதுப் பிளேடு மாட்டிக் கத்தியைக் கொடுத்தாள். அதுவரை சவரக்கத்தியைப் பிடித்திராத கை அது. கொம்பையா தலையைச் சாய்த்துத் தொண்டையைக் காட்டினான்.

“அசையாதிய,” என்றாள் அவள். “எனக்குப் பழக்கமில்ல.”

அவன் அசையவில்லை. அவள் மெதுவாக, ஒரு முடி விடாமல், வழித்து முடித்தாள்.